ஸ்கூட்டரில் நாய், பூனை: பழகிய நாய் குதிக்காதா?

மே 12, 2024

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டு நாய்க்கு நாலு வயசு. குட்டியிலிருந்தே ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்து வந்து பழகிவிட்டது. தக்கலை சந்தைக்கு வரும், மாமியார் வீட்டுக்கு வரும். இதுவரை ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. கூண்டு, பெல்ட் என்று காசைக் கொட்ட வேண்டுமா? பழகிய நாய்க்கு எதற்கு இதெல்லாம்?"

பழகிய நாய்தான், நம்புகிறேன். ஆனால் அது பழகியிருப்பது உங்களுக்கும் வண்டிக்கும். சந்து முனையிலிருந்து குரைத்துக்கொண்டு பாயப்போகிற இன்னொரு நாய்க்கு அது எப்படிப் பழகியிருக்கும்? அதோடு, குதிக்குமா குதிக்காதா என்பது மட்டும் கேள்வி இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் நமக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது. நாய்க்கு என்ன இருக்கிறது? ரப்பர் விரிப்பில் நகம் பதியாது. வழுக்கிக்கொண்டு போய் முன்னால் மோதும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் சரியும். சரிந்தால் நம் பின்சக்கரத்துக்கு நேராகத்தான் விழும்.

என் கண்முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். தம்பி அவன் நாயை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறான், நான் என் வண்டியில் பின்னால் வருகிறேன். வில்லுக்குறி தாண்டி ஒரு சாயாக்கடை வாசலில் இரண்டு தெருநாய்கள் சண்டை. அவன் நாய் குதிக்கவே இல்லை. எழுந்து நின்று திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். எழுந்த வேகத்தில் அதன் தோள் ஹேண்டிலுக்கு அடியில் முட்டியது, ஹேண்டில் இடப்பக்கம் வெட்டித் திரும்பியது, வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி ஓடை விளிம்பில் போய் நின்றது. 20 வேகம்கூட இருக்காது. வலப்பக்கம் திரும்பியிருந்தால் எதிரே மினி பஸ். நாய் நல்ல நாய். குட்டியிலிருந்தே பழகியதும்கூட.

மே 12, இரவு

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதில் 128ஆம் பிரிவு ஓட்டுபவரைத் தவிர இன்னும் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்கிறது, அது மனிதர்களைப் பற்றியது. நமக்குப் பொருந்துவது 125ஆம் பிரிவு. வண்டியைக் கட்டுப்படுத்த இடைஞ்சலாக யாரையும் உட்காரவோ நிற்கவோ விடக்கூடாது, எந்தப் பொருளையும் வைக்கவும் கூடாது என்று அதில் இருக்கிறது. ஹேண்டிலுக்கு அடியில் முட்டும் நாய் அந்த இடைஞ்சலில் வராது என்று யார் வாதாட முடியும்?

இன்னொன்று, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம். தேவையில்லாத வலியோ துன்பமோ உண்டாகும்படி ஒரு விலங்கை வண்டியில் ஏற்றிச் சென்றால் 11ஆம் பிரிவின்படி அது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் எழுதின தொகை அப்படியே நிற்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும் வாங்குகிற காசு.

குழந்தைகளுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தத்தின்படி நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. பேசத் தெரிந்த, "பிடிச்சுக்கோ" என்றால் பிடித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கே இவ்வளவு. நாய், பூனையோடு போகும்போது அந்த 40ஐ மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 30க்கு மேல் போவதில்லை.

மே 14, 2024

அப்படியானால் எப்படித்தான் கொண்டுபோவது என்று நியாயமாகக் கேட்கிறார்கள். என் முடிவு இது: மூடிய பெட்டிக்குள் விலங்கு, பெட்டி வண்டியோடு கட்டப்பட வேண்டும். பெட்டிக்குள் அடங்காத விலங்கு இருசக்கர வாகனத்தில் போக வேண்டாம். இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறதா என்று நானும் பல மாதிரி பார்த்தாயிற்று. மடியில் வைப்பது, பின்னால் உட்கார்பவர் அணைத்துக்கொள்வது, துப்பட்டாவால் கட்டிக்கொள்வது என்று நம் ஊரில் எல்லாமும் நடக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே குறைதான். பிடித்திருக்கிற கை, வண்டி சரியும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போகும். அது அந்தக் கையின் தப்பும் இல்லை.

பெட்டி என்றால் செல்லப்பிராணிக் கடையில் விற்கும் கம்பிக் கதவு வைத்த பிளாஸ்டிக் பெட்டி. மேல்மூடியையும் அடித்தட்டையும் சேர்க்கிற பிளாஸ்டிக் கொக்கிகளை மட்டும் நம்பாதீர்கள். விழுந்தால் முதலில் தெறிப்பது அதுதான். இரண்டு பக்கமும் கேபிள் டை போட்டு இறுக்கிவிடுங்கள். பெட்டி வாங்கக் காசில்லை என்றால் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டு வாங்கி வாயோடு வாய் கவிழ்த்துக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். காற்று நாலு பக்கமும் வரும். பூனைக்கும் சின்ன நாய்க்கும் அது போதும். உள்ளே கூரான பிசிறு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் காலையில் குளச்சல் ரோட்டில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மீன் பெட்டி ஏற்றி வருகிறவர்களைப் பாருங்கள். பழைய டியூபை நீளமாக அறுத்த ரப்பர்பட்டை இரண்டு, பெட்டிக்கு மேலே குறுக்கும் மறுக்குமாக. முடிச்சைக் கேரியர் கம்பியில்தான் போடுகிறார்கள், சீட்டில் இல்லை. பெட்டியின் அடியில் ஈரச் சாக்கை மடித்து வைத்திருப்பார்கள், வழுக்காமல் இருக்க. கட்டி முடித்ததும் பெட்டியைப் பிடித்து உலுக்குவார்கள், அப்போது வண்டியும் சேர்ந்து ஆட வேண்டும். பெட்டி மட்டும் ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். ஐஸும் மீனுமாக அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு முட்டம் வளைவுகளில் அவர்கள் வருகிற தைரியம் அந்த முடிச்சில் இருக்கிறது.

மே 15, 2024

நேற்று எழுதியதில் விட்டுப்போனது. கட்டின ரப்பர்பட்டை காற்றோட்டத் துளைகளை மூடக்கூடாது. கதவின் மேலேயும் ஒரு பட்டை ஓட வேண்டும். பூனை தலையால் முட்டியே கதவைத் திறக்கும்.

மே 19, 2024

கழுத்துப்பட்டை பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். கழுத்துப்பட்டையில் சங்கிலி போட்டு, அந்தச் சங்கிலியை ஸ்கூட்டர் முன்கொக்கியில் மாட்டிவிட்டால் விழாது என்கிறார் ஒருவர். தயவுசெய்து வேண்டாம். விழத்தான் செய்யும். விழுந்து தொங்கும், அல்லது இழுபடும். கழுத்து தாங்காது. அந்தக் கொக்கியே பலசரக்குப் பைக்காக வைத்தது.

மார்பைச் சுற்றி வருகிற ஹார்னஸ் நல்லது, போட்டே கொண்டுபோங்கள். ஆனால் அதைப் பெட்டிக்குள் போடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பெட்டியைத் திறக்கும் நொடியில் பாய்ந்து ஓடிவிடாமல் இருக்க அது உதவும். ஹார்னஸோடு திறந்த வண்டியில் கட்டிவைத்தால், வண்டி விழும்போது நாயும் கூடவே வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். சைலன்சர் பக்கம் விழுந்தால் தோல் வெந்துபோகும்.

முதுகில் மாட்டுகிற பை (முன்பக்கம் கண்ணாடிக் குமிழ் வைத்து விற்கிறார்களே) பற்றி எனக்கு இரண்டு மனசு. பூனை அதில் அமைதியாக வருவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் ஆள் உட்காராமல் குறைந்த தூரம் மெதுவாகப் போனால் திறந்த வண்டியில் விடுவதைவிட நூறு மடங்கு மேல். ஆனால் மல்லாக்க விழுந்தால் நம் மொத்த எடையும் அதன் மேல்தான். வெயிலில் அந்தக் குமிழ் உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும். அதனால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், வழக்கமாக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நாய்க்கு ஹெல்மெட் விற்கிறார்களாம். ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரை மனிதத் தலைக்கான ஹெல்மெட்டுக்கு. நாய்த் தொப்பியில் அதை அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். தலையில் எதையோ கட்டினால் நாய் அதைக் கழற்றத்தான் முழு வழியும் முயலும்.

மே 26, 2024

பூனையைப் பற்றி தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கம் பூனைக்கு நடப்பது நாயைவிட மோசம்.

"சாக்கில் போட்டுக் கட்டித்தானே கொண்டுபோவோம்" என்று குலசேகரத்திலிருந்து ஒருவர். ஆமாம், என் பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் சாக்குக்குள் அது எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல் புரளும். பிளாஸ்டிக் சாக்கு என்றால் காற்றும் குறைவு. பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினால் அது சாதாரணம் இல்லை, பயத்தாலோ சூட்டாலோ எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். சாக்குக்குள் அதை யார் பார்ப்பது?

அதைவிடப் பெரிய கொடுமை, சீட்டுக்கு அடியில் டிக்கியில் குட்டியை வைத்துப் பூட்டிக்கொண்டு வருவது. "பத்து நிமிஷம்தானே" என்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷமும் கீழே எஞ்சின் ஓடுகிறது, மேலே கறுப்பு சீட்டு வெயிலில் காய்கிறது. காற்று உள்ளே வர வழியே இல்லை. ஹெல்மெட்டை அங்கே வைத்து எடுத்தாலே சூடு தெரியுமே. டெலிவரி ஆட்கள் வைக்கிற பின்பெட்டியும் அப்படித்தான், உணவின் சூடு வெளியே போகாமல் இருக்கத்தானே அதைச் செய்கிறார்கள்.

பெட்டி இருந்தால் பூனைக்கு அதற்கு மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணி போர்த்துங்கள். வெளியே எதுவும் தெரியாவிட்டால் பாதிப் பயம் அடங்கிவிடும். பழைய துண்டை உள்ளே விரியுங்கள், வீட்டு வாசனை இருக்கிற துண்டாக, துவைக்காததாக இருந்தால் நல்லது. எங்கள் பூனை சிண்டு வழி முழுக்கக் கத்துவான். துண்டை மாற்றாமல் போட்ட பிறகு முன்னங்கால் ஒன்றைக் கம்பி வழியாக வெளியே நீட்டி என் முழங்காலைத் தொட்டுக்கொண்டு, கத்தாமல் வருகிறான். கம்பி இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் கால் முழுக்க வெளியே வந்து மாட்டிக்கொள்ளும், அதனால் வலை அடித்துவிட்டேன். இப்போது விரல் மட்டும் வரும்.

ஜூன் 2, 2024

வாங்கின அன்றே பெட்டியில் அடைத்து ஊசி போடக் கொண்டுபோகாதீர்கள். அதற்கப்புறம் பெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடும். முதலில் பெட்டியைத் திறந்து வீட்டில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். சோற்றை அதற்குள் வையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கின பிறகு கதவைச் சாத்துங்கள். அப்புறம் வண்டியில் கட்டி, ஸ்டாண்டு போட்டபடியே எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். அப்புறம் தெருவில் ஒரு சுற்று. ஆஸ்பத்திரிக்குப் போவது ஒருமுறை என்றால், சும்மா போய்த் திரும்பி வந்து மீன் துண்டு கொடுப்பது இரண்டு முறை இருக்கட்டும்.

கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். குட்டிகளுக்கு வண்டி ஆட்டத்தில் வாந்தி வருவது சகஜம், வளர வளரக் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். நாம் பஸ்ஸில் போட்டுக்கொள்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

நாய்க்குட்டியைப் பெட்டியில் கொண்டுபோவதில் இன்னொரு லாபம். தடுப்பூசி முடியாத குட்டியை மாட்டாஸ்பத்திரி வராந்தாவில் தரையில் விடக்கூடாது. குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம் செருப்பிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். பெட்டி மடியில் இருக்கட்டும், கூப்பிடும்வரை திறக்காதீர்கள்.

ஜூன் 9, 2024

மழை பிடித்துவிட்டது. நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, அதனால் வருஷத்தில் பாதி நாள் இந்தக் கேள்வி வரும்: பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் கவர் போடலாமா? போடலாம், மேலேயும் முன்பக்கமும் மட்டும். பின்பக்கமும் கீழ்ப்பக்கமும் திறந்தே இருக்கட்டும். ரெயின்கோட்டுக்குள் குட்டியைப் போட்டு ஜிப்பை ஏற்றிக்கொண்டு போன பிள்ளையை மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே பார்த்தேன். அந்தப் பிள்ளையின் அன்பு தெரிகிறது. ஆனால் கோட்டுக்குள் குட்டிக்குக் காற்று இல்லை, அது அசைந்தால் அவள் கவனம் ரோட்டில் இருக்காது.

மழைநாளில் தள்ளிப்போட முடிந்த பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நகம் வெட்ட, தடுப்பூசி போட என்றால் நாளைக்குப் போகலாம்.

ஜூன் 23, 2024

ஆரல்வாய்மொழிக் காற்று. இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்குத்தான் எழுத முடியும்.

இந்த மாதங்களில் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி இருக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். சும்மா போகிற பைக்கையே தள்ளும். சீட்டுக்குப் பின்னால் உயரமாக ஒரு பெட்டியைக் கட்டினால் அது பாய்மரம் போல வேலை செய்யும். பக்கத்தில் ஒரு லாரி முந்திப் போகும்போது காற்று சட்டென்று நிற்கும், நாம் காற்றுக்காகச் சாய்ந்திருந்த பக்கம் வண்டி விழப் பார்க்கும், லாரி கடந்ததும் மறுபடி அறையும். உள்ளே இருக்கிற விலங்கும் அதே நேரம் ஒரு பக்கம் ஒதுங்கும். கனம் நகர்ந்தால் வண்டி இன்னும் ஆடும்.

அதனால்தான் பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் இன்னும் ஒரே பதில் சொல்லாமல் இருக்கிறேன். ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் பெட்டி வைத்தால் கனம் தாழ்வாக இருக்கும், காற்று அவ்வளவு தள்ளாது, விலங்கும் கண்ணுக்கு எதிரே இருக்கும். ஆனால் பெட்டி நம் கால்களுக்கு நடுவே அடங்க வேண்டும், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தால் எங்கேயும் தட்டக்கூடாது, நம் பாதம் பலகையில் முழுசாக ஊன்ற வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் முன்னால். ஒன்று தவறினாலும் பின்னால், கேரியரில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. பைக்கில் பெட்ரோல் டேங்கின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஹேண்டில் இடிக்கும், டேங்கும் சூடாகும்.

பெட்டிக் கதவு போகிற திசையைப் பார்க்க வேண்டாம். தூசியும் பூச்சியும் நேராகக் கண்ணில் அடிக்கும். பின்பக்கம் பார்த்தபடி வையுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டவர் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பூனையைப் பைக்கில் கொண்டுபோக நினைக்கிறார். 80 கிலோமீட்டர், காற்று மாதம், நாலுவழிச்சாலை. வேண்டாம் ஐயா. காருக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள். பூனைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஜூன் 24, 2024

"உங்கள் கணக்கில் பார்த்தால் ஏழைகள் நாய் வளர்க்கவே கூடாது போலிருக்கிறதே" என்று ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் இருக்கிற ஒரே வண்டி ஒரு ஸ்கூட்டரோ எக்ஸ்எல்லோதான். தோட்டத்து உள்ரோட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வர வேறு வழி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் தக்காளிக் கிரேட், டியூப் ரப்பர் என்று எழுதினேன். ஒரு நாட்டு நாயைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவரை எனக்குப் பிடிக்கும். அவரும் நாயும் முழுசாகத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும்.

பெரிய நாய்க்கு ஆட்டோதான். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சீட்டுக்கு ஒரு போர்வை நீங்களே கொண்டுபோய் விரித்து, திரும்பும்போது முடியைத் தட்டிவிட்டு இறங்கினால் அடுத்த முறை அவரே வருவார்.

ஜூலை 7, 2024

கருத்தடை செய்த பூனையை அன்றே பைக்கில் கொண்டுவரலாமா?

மயக்கம் முழுதாகத் தெளியாத விலங்கு தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. எதிர்க்காற்று பட்டால் சட்டென்று குளிர்ந்துபோகும். கழுத்தை நேராக வைத்துக்கொள்ளவும் தெரியாது, கழுத்து மடங்கினால் மூச்சு அடைபடும். அதனால் தலையைத் தூக்கிப் பார்த்து, கால் ஊன்றி உட்காரும்வரை அங்கேயே இருங்கள். கூட்டம், நேரமாகிவிட்டது, இடம் வேண்டும் என்று கிளப்பப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் பூனையை அப்படி ஓர் இடத்தில் பாதி மயக்கத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் கூடப் போயிருந்தேன். வாசலிலேயே படிக்கட்டில் உட்கார்ந்து, என் புடவை முந்தானையால் சுற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் காதைத் தடவிக்கொண்டே இருந்தோம். காது மடல் வெதுவெதுப்பாகி, மீசை அசைந்து, கண் நம்மைத் தேடின பிறகுதான் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினோம். அன்று ஸ்கூட்டர் அங்கேயே நின்றது, சாயங்காலம் பையன் போய் எடுத்து வந்தான்.

ஜூலை 8, 2024

அடிபட்ட தெருநாயை எடுத்துப் போவது எப்படி என்று கேட்டவருக்கு: தனியாகப் பைக்கில் முயலாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். ஒரு பலகையிலோ கெட்டியான அட்டையிலோ மெல்ல நகர்த்தி ஏற்றி, ஆட்டோவில். வாயைத் துணியால் கட்டலாம், ஆனால் வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக்கூடாது. கடி பட்டுவிட்டால் முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றே ஊசி போடப் போங்கள், மீதி ஊசிகளையும் விடாதீர்கள்.

ஜூலை 21, 2024

பைக்கில் கட்டி நாயை ஓடவிடுவது. காலையில் ரப்பர் தோட்டத்து ரோடுகளில் இதைப் பார்க்கிறேன். வளர்ப்பவர்கள் பாசமாகத்தான் செய்கிறார்கள், சிப்பிப்பாறை, ராஜபாளையம் இன நாய் என்றால் ஓட வேண்டும் என்று. ஓட வேண்டும், சரிதான். ஆனால் தன் வேகத்தில் ஓட வேண்டும். வண்டிக்குக் களைப்பு கிடையாது. நாய் நிற்க நினைத்தாலும் கயிறு விடாது, சக்கரத்தில் கால் போனால் ஒரு நொடிதான். தார் சூடானால் பாதத்து மெத்தை உரிந்துவிடும், அது அன்றைக்குத் தெரியாது, மறுநாள் நக்கிக்கொண்டே கிடக்கும். 2020 டிசம்பரில் எர்ணாகுளம் பக்கம் காரில் கட்டி இழுத்துப்போன நாயின் வீடியோவை எத்தனை பேர் பார்த்துத் துடித்தோம். தோட்டத்தில் ஒரு பந்தைத் தூக்கி எறியுங்கள், போதும்.

ஆகஸ்ட் 18, 2024

மழை விட்டு வெயில் அடிக்கிறது, சூட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

நமக்கு வெயில் மதுரை அளவுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நாய்க்கு வெயிலைவிடப் புழுக்கம் கொடியது. அதற்கு நம்மைப் போல உடம்பு வேர்க்காது. மூச்சிரைத்து, நாக்கின் ஈரம் காய்வதில்தான் சூடு இறங்கும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த ஈரம் எளிதில் காயாது. நாயின் சாதாரணச் சூடே 38இலிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு வழியே குறுகல், அவை இன்னும் சீக்கிரம் தவித்துவிடும்.

வண்டி ஓடும்போது காற்று இருக்கிறது, நிற்கும்போதுதான் வினை. வடசேரியில் ஒரு நெரிசல், செட்டிகுளத்தில் ஒரு சிக்னல் என்று நின்றால் பெட்டிக்குள் சூடு ஏறும். அதனால் காலை எட்டுக்குள், அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல். ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக நூல் நூலாக வடிந்து, நாய் தள்ளாடினால் நிழலில் இறக்கி, சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரையேறும்.

ஆகஸ்ட் 19, 2024

கோழியை ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போகிறார்களே, அதைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒரு கேள்வி. பேச வேண்டியதுதான். விற்கப் போகிற கோழியானாலும் அந்த அரைமணி நேரம் அதற்கு உயிர் இருக்கிறது. ஒரு பனையோலைக் கடவம் (கூடை) போதும், மேலே வலை கட்டி. ஆட்டுக்குட்டியை இரண்டு பேருக்கு நடுவே நெரித்துக்கொண்டு போவதும் அதே கதைதான், குட்டியின் கால் சைலன்சரில் பட்டு வெந்ததைப் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 1, 2024

முதலில் கேள்வி கேட்ட தக்கலைக்காரர் எழுதியிருக்கிறார். பெட்டி வாங்கப்போகிறாராம், நாயின் எடையைச் சொல்லி என்ன அளவு என்று கேட்கிறார். நாயை நிற்க வைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளவெடுங்கள். தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை வரை, அதாவது மார்பை ஒட்டி இருக்கிற மூட்டு வரை இன்னொரு அளவு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். விமானத்தில் அனுப்பும் பெட்டிக்கு அப்படித்தான் கணக்கு. உயரம், நாய் காதை நிமிர்த்தி நின்றால் தட்டாத அளவு. தோளின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு பெட்டியின் அகலம்.

இரு சக்கரத்துக்கு இதைவிடப் பெரிதாக வாங்க வேண்டாம். இடம் கூடினால் வளைவில் உருளும். அந்த அளவுப் பெட்டியை உங்கள் ஸ்கூட்டரில் வைத்து ஹேண்டில் திருப்பிப் பாருங்கள், பின்னால் கட்டியும் பாருங்கள். நீங்கள் சொல்கிற எடைக்கு இரண்டிலும் அடங்காது என்றுதான் தோன்றுகிறது. வாங்குவதற்கு முன்னால் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடங்கவில்லை என்றால் அந்தக் காசு ஆட்டோவுக்கு ஆகும்.